பதிவை நீக்கியது யார் கை?

ஒருவருடைய முகநூல் பதிவு காணாமல் போனால் போதும், நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். “எங்கே போச்சு கருத்துச் சுதந்திரம்?” என்று ஒரு கட்சி. “அவன் கடை, அவன் இஷ்டம். பிடிக்கலைன்னா வெளியே போ” என்று எதிர்க்கட்சி. இந்த எதிர்க்கட்சிக்காரர்கள் கொஞ்சம் சட்டம் தெரிந்த தோரணையில் பேசுவார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

ஆனால் இந்தச் சண்டையில் யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பதிவை எடுக்கச் சொன்னது யார்? நிறுவனம் தன் சொந்த விதிப்படி எடுத்ததா, அரசு அதிகாரி ஒருவர் சொல்லி எடுத்ததா? நம் திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். சட்டத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவதில் அரசியலமைப்புச் சட்டத்துக்குப் பெரிய வேலை இல்லை. இரண்டாவதில் அதற்கு முழு வேலையும் இருக்கிறது. நம் நாட்டில் வேடிக்கை என்னவென்றால், பதிவை இழந்தவருக்கு இது எந்த வகை என்றே பல நேரம் தெரிவதில்லை. தெரியவிடாமல் செய்வதற்கே ஒரு விதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையும் கருத்துரிமையும் தருகிறது. இந்த உரிமையை யாருக்கு எதிராகக் கேட்கலாம் என்பதற்கு 12ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். அங்கே ‘அரசு’ என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறார்கள்: மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சிகள், அப்புறம் ‘இதர அதிகார அமைப்புகள்’. அடிப்படை உரிமைகள் பொதுவாக இவர்களைக் கட்டுப்படுத்தத்தான். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தமோ இன்னும் பட்டவர்த்தனம். பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) இயற்றக் கூடாது என்கிறது. மார்க் சக்கர்பெர்க்கோ ஈலான் மஸ்க்கோ காங்கிரஸ் இல்லை.

சரி, தனியாருக்குச் சொந்தமான இடத்தில் பேச்சுரிமையே கிடையாதா? இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததில்லை. இதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் கடைசியில் போய் நிற்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் நகரத்தை ஒட்டியிருக்கும் சிக்கசா என்ற சிற்றூரில்தான்.

இரண்டாம் உலகப்போர்க் காலம். சிக்கசாவின் வீடுகள், தெருக்கள், சாக்கடை, கடைவீதி எல்லாமே கல்ஃப் ஷிப்பில்டிங் கார்ப்பரேஷன் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் சொத்து. ஊருக்குக் காவலாக இருந்தவர் மாவட்ட ஷெரீஃபின் உதவியாளர். அவருக்கும் சம்பளம் கம்பெனிதான். அமெரிக்க அஞ்சல் துறை அங்கே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து அஞ்சலகம் நடத்தியது. பக்கத்து நெடுஞ்சாலையிலிருந்து யார் வேண்டுமானாலும் கடைவீதிக்குள் வரலாம். தடுக்க ஆள் கிடையாது. கம்பெனிச் சொத்து என்று தெரியாத ஒருவர் பார்த்தால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் சிக்கசாவுக்கும் வேறுபாடே தெரியாது.

அந்த அஞ்சலகத்துக்குப் பக்கத்து நடைபாதையில் நின்று கிரேஸ் மார்ஷ் என்ற பெண் மதப் பிரசுரங்கள் கொடுத்தார். அவர் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர். (இந்தப் பிரிவினருக்கும் பேச்சுரிமை வழக்குகளுக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருக்கிறது. தேசிய கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளக் குழந்தைகளுக்காக 1986இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்தக் குழந்தைகளும் இவர்கள்தான்.) கடைகளில் கம்பெனி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: இது தனியார் சொத்து, எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு எந்த விதமான அழைப்போ கூடாது. அனுமதி கேட்டாலும் தர மாட்டோம் என்று மார்ஷிடம் சொல்லிவிட்டார்கள். அவர் நகரவில்லை. கைது. எச்சரித்த பிறகும் அடுத்தவர் இடத்தைவிட்டுப் போகாத குற்றம்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1946 ஜனவரியில் 5-3 என்ற கணக்கில் மார்ஷ் ஜெயித்தார். எட்டுப் பேர்தான் தீர்ப்பளித்தார்கள், ஏனென்றால் ஒன்பதாமவரான ராபர்ட் ஜாக்சன் நியூரம்பெர்க்கில் நாஜிகளுக்கு எதிராக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். தீர்ப்பை எழுதிய ஹியூகோ பிளாக் சொன்னதன் சாரம் இது: ஓர் உரிமையாளர் தன் ஆதாயத்துக்காகத் தன் சொத்தைப் பொதுமக்களுக்கு எந்த அளவுக்குத் திறந்துவிடுகிறாரோ, அந்த அளவுக்கு அங்கே வந்துபோகிறவர்களின் உரிமைகள் அவருடைய உரிமையைக் கட்டுப்படுத்தும்.

இதைப் படித்தால் இன்றைய சமூக ஊடகங்களைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். கணக்கு முடக்கப்பட்டு அமெரிக்க நீதிமன்றம் போகிறவர்கள் சிக்கசாவை மேற்கோள் காட்டாமல் இருக்க மாட்டார்கள். அந்த வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதிகளின் வாதம் இன்னும் சுவாரசியம். பொது நெடுஞ்சாலை இருக்கிறதே, அங்கே போய்ப் பிரசுரம் கொடுக்க வேண்டியதுதானே என்றார்கள். “பிடிக்கலைன்னா வெளியே போ” கட்சி 1946லேயே இருந்திருக்கிறது. அன்றைக்கு அது தோற்றது.

பிறகு ஜெயித்தது. 1960களில் அமெரிக்கா முழுக்க ஷாப்பிங் மால்கள் முளைத்தன. 1968இல் ஒரு தொழிற்சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சிக்கசா விதியை மால் வளாகத்துக்கும் நீட்டியது. 1972இல், வியட்நாம் போருக்கு எதிராகப் போர்ட்லாந்து நகர மாலில் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்களின் வழக்கில் பின்வாங்கியது. 1976இல் கதவை முழுதாகச் சாத்திவிட்டது. சிக்கசாவில் கம்பெனி ஓர் ஊராட்சி செய்கிற அத்தனையையும் செய்தது, மால்காரர் கடை மட்டும்தான் நடத்துகிறார் என்பது காரணம். மக்கள் கூடுவதால் மட்டும் ஓர் இடம் பொது இடம் ஆகிவிடாது. கலிஃபோர்னியா மட்டும் தன் மாநில அரசியலமைப்பின் பெயரில் மால்களில் கையெழுத்து வேட்டைக்கு இடம் கொடுத்தது. மாநிலம் அப்படிக் கொடுப்பதில் தவறில்லை என்று 1980இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

இணையத்துக்கு இந்த மால் தீர்ப்புகள்தான் வாய்த்தன. பிரேகர் யுனிவர்சிட்டி என்ற வலதுசாரி அமைப்பு, தன் காணொளிகளுக்கு யூடியூப் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து வழக்குப் போட்டது. எத்தனை கோடிப் பேர் பயன்படுத்தினாலும் யூடியூப் தனியார் அரங்குதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் கைவிரித்துவிட்டது. போதாததற்கு 1996ஆம் ஆண்டின் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230ஆம் பிரிவு வேறு இருக்கிறது. அடுத்தவர் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை, நல்லெண்ணத்தோடு ஒன்றை நீக்கினாலும் அதற்காக இழப்பீடு கேட்க முடியாது.

2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த பிறகு, பதவியில் இருந்த அதிபர் டிரம்பின் கணக்கையே ட்விட்டரும் ஃபேஸ்புக்கும் முடக்கின. குடியரசுக் கட்சி ஆண்ட இரண்டு மாநிலங்கள் அந்த ஆண்டே கிளம்பின. தேர்தல் வேட்பாளர்களைத் தளத்தைவிட்டு வெளியேற்றினால் தினம் 2,50,000 டாலர்வரை அபராதம் என்றது ஃபுளோரிடா. பெரிய தளங்கள் கருத்தைப் பார்த்துப் பதிவை நீக்கக் கூடாது என்றது டெக்சஸ். ஃபுளோரிடாச் சட்டத்தில் ஒரு கூத்து நடந்தது. தீம் பார்க் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு விலக்கு என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அங்கே யார் தீம் பார்க் வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுத்த வருடம் டிஸ்னியோடு ஆளுநருக்குச் சண்டை வந்ததும் விலக்கு பறந்துபோனது. பேச்சுரிமையைக் காக்கக் கிளம்பிய அரசியல்வாதிகளின் அக்கறை எத்தகையது என்பதற்கு எனக்கு இந்த ஒரு வரி போதும்.

அந்த இரண்டு சட்டங்களும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. 2024 ஜூலை 1 அன்று நீதிமன்றம் இரண்டையும் கீழ் நீதிமன்றங்களுக்கே திருப்பி அனுப்பியது. ஆனால் எலினா கேகன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: எந்தப் பதிவை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது, எதை எடுத்துவிடுவது என்று ஃபேஸ்புக்கும் யூடியூப்பும் தங்கள் பக்கத்தைத் தொகுப்பது, பத்திரிகை ஆசிரியர் பக்கம் அமைப்பது போன்ற ஒரு கருத்து வெளிப்பாடு. அரசு அதில் கை வைப்பது முதல் திருத்தத்துக்கு விரோதம். அதாவது அமெரிக்காவில் பேச்சுரிமை கடைசியில் தளத்தின் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இது பயனாளருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. அரசு மிரட்டினால் எதிர்த்து நிற்க நிறுவனத்திடம் ஓர் ஆயுதம் உண்டு. நிற்குமா என்பது வேறு விஷயம். முடக்கத்தை எதிர்த்து டிரம்ப் போட்ட வழக்கை, அவர் மறுபடி அதிபரானதும் 2025இல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. சட்டம் தன் பக்கம் இருந்த நிறுவனம்தான் இது.

அரசு பின்னாலிருந்து தள்ளிவிட்டு நிறுவனம் நீக்கினால்? 2024 மே மாதத்தில் அதே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: தனக்குப் பிடிக்காத கருத்தை அடக்குவதற்காக அரசு அதிகாரி தனியார் நிறுவனங்களை நிர்ப்பந்திப்பது முதல் திருத்த மீறல். அடுத்த மாதமே இன்னொரு வழக்கு. கோவிட் காலத்தில் பைடன் அரசு சமூக ஊடகங்களை நெருக்கிப் பதிவுகளை நீக்க வைத்தது என்பது புகார். 6-3 என்று வழக்குத் தள்ளுபடியானது. காரணத்தைக் கவனியுங்கள். தங்கள் பதிவு போனதற்கு அரசுதான் காரணம், நிறுவனத்தின் சொந்த முடிவு இல்லை என்பதை மனுதாரர்களால் காட்ட முடியவில்லை. எல்லாம் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. யார் கை?

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் அரசியலமைப்பை எழுதியவர்களுக்குத் தனியார் அதிகாரம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 15(2) பிரிவைப் படித்தால் புரியும். கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் என்று வரிசையாக எழுதி, சாதி மதம் சொல்லி ஒருவரை அங்கே தடுக்கக் கூடாது என்றார்கள். இது டீக்கடைக்காரரையும் கட்டுப்படுத்தும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும் அப்படியே. தனியாரையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று தோன்றிய இடத்தில் அதை வெளிப்படையாகவே எழுதினார்கள். பேச்சுரிமையில் எழுதவில்லை. 1950இல் அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அன்றைக்கு மேடையைத் தடுக்கவும் பத்திரிகையை முடக்கவும் வல்லமை இருந்தது அரசுக்குத்தான்.

இந்த இடைவெளியில் வந்து விழுந்த வழக்கு, உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயுடையது. 2019 அக்டோபரில் அவருடைய ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. காரணம், அவர் முகப்பில் வைத்திருந்த ஒரு புகழ்பெற்ற படம். 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் கூட்டம் முழுக்க ஹிட்லர் பாணியில் கை நீட்டி நிற்க, ஒரே ஒரு மனிதர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜியிசத்தை மறுப்பதற்கு இதைவிடப் பேர்போன படம் கிடையாது. அதை வெறுப்புப் படம் என்று எடுத்துக்கொண்டார்கள். (கப்பல் கட்டும் இடங்களுக்கும் இந்த விவகாரத்துக்கும் என்ன பொருத்தமோ!) கணக்கு திரும்ப வந்தது. வந்த வேகத்தில் மறுபடி போனது. இம்முறை காரணம் அவர் முன்பு பகிர்ந்திருந்த ஓர் இந்திக் கவிதை. சோறும் துணியும் நீதியும் கேட்பவனைத் தூக்கில் போடு என்று அதிகாரத்தின் குரலில் கேலியாகப் பேசும் கவிதை அது. ‘தூக்கில் போடு’ என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. முடக்கம் நிரந்தரம் என்று நவம்பரில் சொல்லிவிட்டார்கள்.

ஹெக்டே டெல்லி உயர் நீதிமன்றம் போனார். ட்விட்டர் சொன்னது எல்லோரும் எதிர்பார்த்ததுதான்: நாங்கள் 12ஆம் பிரிவின் ‘அரசு’ இல்லை, எங்கள் மேல் ரிட் மனு செல்லாது. ஹெக்டே தரப்புக்கு இருந்த பிடி 226ஆம் பிரிவு. உயர் நீதிமன்றம் ‘எந்த நபருக்கும்’ ஆணையிடலாம் என்கிறது அது. கிரிக்கெட் வாரியம் ‘அரசு’ இல்லை என்று 2005இல் 3-2 என்ற கணக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமே, அது பொதுக் கடமை ஆற்றுவதால் 226இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. கிரிக்கெட்டை நடத்துவது பொதுக் கடமை என்றால் நாட்டின் பேச்சு நடக்கும் மேடையை நடத்துவது என்ன என்பது நியாயமான கேள்வி. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருபடி மேலே போய், 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 4-1 என்ற பெரும்பான்மையில் சொன்னது. நீதிபதி நாகரத்னா அதில் உடன்படவில்லை. அந்த வழக்கு ஓர் உத்தரப் பிரதேச அமைச்சரின் பேச்சைப் பற்றியது, சமூக ஊடகத்தைப் பற்றியது இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மெட்டாவை எப்படி, எந்த அளவுகோலில் கூண்டில் ஏற்றுவது என்று தீர்ப்பு சொல்லவில்லை.

இன்னொரு வழியில் மத்திய அரசே உள்ளே வந்தது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், காரணத்தைச் சொல்லிப் பயனாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் 15 நாளில் புகாரை முடிக்க வேண்டும் என்று இருந்தது; 2026 பிப்ரவரித் திருத்தம் அதை 7 நாளாக்கியது. 2022 அக்டோபரில் சேர்த்த திருத்தம், குடிமக்களுக்கு 14, 19, 21 பிரிவுகள் தரும் உரிமைகளைத் தளங்கள் மதிக்க வேண்டும் என்கிறது. அலுவலரின் முடிவு பிடிக்காவிட்டால் அரசு நியமித்த மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். காகிதத்தில் இது அமெரிக்கப் பயனாளருக்கு இல்லாத பாக்கியம். ஆனால் அந்தக் குழுவை நியமிப்பதும் பதிவுகளை முடக்க ஆணையிடுவதும் ஒரே மத்திய அரசு என்பதை நினைத்தால் கொஞ்சம் தயக்கம் வருகிறது.

தமிழர்களுக்கு இதில் தனி அனுபவம் ஒன்று உண்டு. பிரபாகரன் படத்தைப் போட்டதால் பதிவு போனது, கணக்கு முடங்கியது என்ற புலம்பலை நவம்பர் மாதம் வந்தால் சென்னையிலிருந்து டொராண்டோவரை கேட்கலாம். படத்தை மங்கலாக்கிப் போடுவது, பெயரைப் புள்ளி வைத்து உடைத்து எழுதுவது எல்லாம் அதனால் வந்த தந்திரங்கள். விடுதலைப் புலிகளை இந்தியா 1992லும் அமெரிக்கா 1997லும் தடைசெய்த பட்டியலில் வைத்தன. மெட்டா ஆபத்தான அமைப்புகள் என்று தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அது பெருமளவு அமெரிக்க அரசின் பட்டியல்களை ஒட்டியது. தடைசெய்யப்பட்ட அமைப்பு என்றாலும், அதன் தலைவர் படத்தை ஒரு கட்டுரையோடு போடுவது, விமரிசிப்பது, இறந்தவருக்கு அஞ்சலி செலுத்துவது எல்லாமே குற்றமாகிவிடாது. ஆனால் தானியங்கிச் சல்லடைக்கு முகம் மட்டும்தான் தெரியும், கூட எழுதியிருப்பது புகழா வசையா என்பது தெரியாது. திட்டி எழுதியவர்களின் பதிவும் போயிருக்கிறது. இங்கே கை நிறுவனத்துடையது, நிழல் ஓர் அரசுடையது. அந்த அரசும் நம் அரசு இல்லை. நம் 19ஆம் பிரிவை எங்கே கொண்டுபோய் நீட்டுவது?

முழுக்க நம் அரசின் கையே உள்ளே வரும் வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக மத்திய அரசு எந்த இணையப் பக்கத்தையும் முடக்கச் சொல்லலாம். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதே சட்டத்தின் 66ஏ பிரிவை (இணையத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி எழுதினால் சிறை என்றது அது) ரத்து செய்ததை நாம் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அமைச்சர் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவரைக் கைதுசெய்தது அந்தப் பிரிவில்தான். அதே தீர்ப்பு 69ஏ பிரிவை அப்படியே வைத்துக்கொண்டது. எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் விசாரிக்க வேண்டும், முடக்க ஆணையில் காரணம் எழுத வேண்டும், எழுதிய காரணத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்றெல்லாம் பாதுகாப்பு இருக்கிறதே என்றது.

அந்தப் பாதுகாப்பைத் தின்றுவிடுவது 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது. முடக்கக் கோரி வரும் மனுக்களும், அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஆணை இருக்கிறதா என்றே தெரியாதவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்? வரதட்சிணையைக் கேலி செய்வதற்காக, ‘உங்கள் மாப்பிள்ளைக்கு எவ்வளவு போகும்’ என்று கணக்குப் போட்டுக் காட்டும் தளம் ஒன்றை ஒருவர் நடத்தினார். 2018இல் அது முடக்கப்பட்டது. முடக்க ஆணையின் நகலை அவருக்குக் கொடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதம். தன் சொந்தத் தளத்தை ஏன் மூடினார்கள் என்ற காகிதத்தைப் பார்க்க இத்தனை வருடம்.

நமக்குப் பக்கத்திலேயே நடந்தது விகடன் விவகாரம். 2025 பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய சமயம், டிரம்ப் பக்கத்தில் பிரதமர் கை கால் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் விகடன் ப்ளஸ் மின்னிதழில் வந்தது. தமிழக பாஜகவிலிருந்து புகார் போனது. பிப்ரவரி 15 அன்று பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. சித்திரம் இருந்த பக்கம் மட்டும் இல்லை, மொத்தத் தளமும். அமைச்சகத்தின் நோட்டீஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. முடக்கியவை இணைய இணைப்பு தரும் தனியார் நிறுவனங்கள். சொன்னது அரசு. சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் மாதத்தில் ஓர் இடைக்கால வழி சொன்னது: அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடச் சொல்கிறோம்.

இதே விகடனுக்கு 1987இல் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தார் சட்டமன்ற சபாநாயகர் பி.எச்.பாண்டியன். அநியாயம்தான். ஆனால் விதித்தது யார், எந்த அதிகாரத்தில், எதற்காக என்பது அன்று மாலையே ஊருக்கெல்லாம் தெரியும். கூச்சல் கிளம்பியது, சில நாட்களில் ஆசிரியர் வெளியே வந்தார், பின்னர் வழக்குப் போட்டு ஜெயித்தார். பெயர் தெரிந்த அதிகாரத்தோடு சண்டை போட முடிந்தது.

விகடனுக்கு வழக்கறிஞர்களும் வாசகர்களும் உண்டு. 800 பேர் பின்தொடரும் ஒரு தனிநபருக்கு? அவருக்காகத் தளம் வாதாடுமா? எக்ஸ் நிறுவனம் இரண்டு முறை முயன்றது. 39 இணைப்புகள் தொடர்பான முடக்க ஆணைகளை எதிர்த்து அது போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தள்ளுபடி செய்து, 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொன்னது. அடுத்தது சஹ்யோக். உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இணையதளம் அது. மத்திய அமைச்சகங்கள், மாநிலப் போலீஸ் எனப் பல கைகள் அதன் வழியாக நேரடியாகத் தளங்களுக்கு நீக்கச் சொல்லி அனுப்பலாம். 69ஏ பிரிவில் உள்ள பரிசீலனைக் குழு, விசாரணை எதுவும் இங்கே கிடையாது, தளங்களின் சட்டப் பாதுகாப்பைப் பற்றிய 79ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவே போதும். எதிர்த்து எக்ஸ் போட்ட வழக்கை அதே உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. முக்கியமான காரணங்களில் ஒன்று, 19ஆம் பிரிவு குடிமக்களுக்கானது, வெளிநாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது என்பது.

சட்டப்படி அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. 19ஆம் பிரிவில் ‘குடிமக்கள்’ என்றுதான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆணை யார் கைக்குப் போகிறதோ, அந்த நிறுவனத்துக்கு உரிமை இல்லை. உரிமை உள்ள குடிமகனுக்கோ ஆணை வருவதில்லை. அமெரிக்காவில் பயனாளர் தோற்றாலும் நிறுவனமாவது அரசை எதிர்க்கலாம். இங்கே இரண்டு பேரும் வாசலுக்கு வெளியே. “அவன் கடை, அவன் இஷ்டம்” என்று சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பல நேரம் அது அவன் இஷ்டமே இல்லை.

உங்கள் பதிவு போனால் முதலில் பார்க்க வேண்டியது, தளம் காட்டும் அறிவிப்பின் வாசகம். சமூக விதிகளை மீறியது என்று இருந்தால் அது நிறுவனத்தின் முடிவு. குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், 7 நாள் பாருங்கள், அப்புறம் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழு. ‘சட்டபூர்வமான கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்கிற மாதிரி இருந்தால், வெளிநாட்டில் இருக்கும் நண்பரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் கை அநேகமாக இங்கிருந்துதான் வந்திருக்கிறது. யார் அனுப்பியது, எந்தப் பிரிவில் என்று தளத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் போகலாம், ஆனால் உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின் கீழ் மனுப் போடும்போது, கேட்டதற்கான சான்று உதவும். அப்போது எதிர்மனுதாரர் அரசு. 19ஆம் பிரிவு அவருக்குப் பொருந்துமா என்று அங்கே யாரும் கேள்வி எழுப்ப முடியாது.

ரகசியம் காக்கச் சொல்லும் அந்த 16ஆவது விதியையும் சும்மா விட்டுவிடவில்லை. எழுதியவருக்கு நோட்டீஸ் தராமல் முடக்கும் வழக்கத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் பதில் கேட்டது. ஆளை அடையாளம் காண முடியும் என்றால் நோட்டீஸ் தர வேண்டும் என்பதே முதல் பார்வையில் தோன்றுகிறது என்று நீதிபதி பி.ஆர்.கவாய் அன்று வாய்மொழியாகச் சொன்னார்.